முன் பிரேக் எண்ணெய் எங்கே போகிறது?

உங்கள் மோட்டார் சைக்கிளின் இருக்கைக்கு அடியில் சிறு பாட்டில் பிரேக் எண்ணெய் ஒன்று கிடக்கிறதா? கைப்பிடிக்கு மேலுள்ள சின்னக் கண்ணாடியில் மட்டம் குறைந்ததும் மூடியைத் திறந்து கொஞ்சம் ஊற்றிவிட்டு வேலைக்குக் கிளம்பிவிடுகிறீர்களா? அப்படியானால் இந்த வாரக் கட்டுரை உங்களுக்காகத்தான்.

என் அக்காள் மகன் அப்படித்தான் இருந்தான். ஷிப்ட் வேலை. விடியற்காலை ஐந்து மணி இருட்டில் கப்சாயை எடுத்துக்கொண்டு லோரிகளுக்கு நடுவே முப்பது கிலோமீட்டர் போய்வருகிறவன். "வாரம் ஒரு தடவை கொஞ்சம் ஊத்துனா போதும் மாமா, நல்லாத்தான் பிடிக்குது" என்று அவன் சொன்னபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. அதற்கு முன்பே ஒரு பட்டறையில் காட்டி, சக்கரத்தருகே உள்ள காலிப்பரின் ரப்பர் சீல்களை மாற்றியிருந்தான். பணம் போனது, கசிவு போகவில்லை. காரணம் எளிது. ஈரம் தெரிந்த இடத்தைப் பட்டறையில் பார்த்தார்கள். ஈரம் தொடங்கிய இடத்தை யாரும் தேடவில்லை.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். பெட்ரோல் எரிந்து தீரும். என்ஜின் எண்ணெயும் சிறிது எரியும். பிரேக் எண்ணெய் தீர்ந்துபோகும் பொருளே இல்லை. அது மூடிய குழாய்க்குள் அங்கும் இங்கும் சில மில்லிமீட்டர் நகர்வதோடு சரி. எனவே மட்டம் குறைந்தால் இரண்டே காரணங்கள்தாம். ஒன்று, பிரேக் பேட் தேய்ந்திருக்கிறது. பேட் தேயத் தேய காலிப்பரின் பிஸ்டன் வெளியே நகர்கிறது. அது விட்டுச்செல்லும் இடத்தை நிரப்ப எண்ணெய் கீழே இறங்குகிறது. 30 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள ஒற்றைப் பிஸ்டன் என்றால், இரண்டு பேடும் ஆளுக்கு ஒரு மில்லிமீட்டர் தேயும்போது ஏறத்தாழ ஒன்றரை மில்லிலிட்டர் இறங்கும். இது பல மாதங்களில் மெதுவாக நடப்பது, கவலைப்பட ஒன்றுமில்லை. புதுப் பேட் போட்டுப் பிஸ்டனை உள்ளே தள்ளியதும் மட்டம் தானாக மேலே வந்துவிடும். இடையில் ஊற்றி நிரப்பி வைத்திருந்தால் அன்றைக்கு வழிந்து பெயிண்டைத் தின்னும், அவ்வளவுதான்.

வாரத்துக்கு வாரம் குறைகிறது என்றால் அது இரண்டாவது காரணம். கசிவு.

பத்துக் கிலோ எப்படி முந்நூற்று எழுபத்தைந்து கிலோ ஆகிறது

கசிவு ஏன் ஆபத்து என்று புரிந்துகொள்ள, பிரெஞ்சு அறிஞர் பிளேஸ் பாஸ்கலிடம் போக வேண்டும். மூடிய பாத்திரத்திலுள்ள திரவத்தின் ஓரிடத்தில் அழுத்தம் கொடுத்தால், அது குறையாமல் எல்லாப் பக்கமும் பரவும் என்று அவர் எழுதிய நூல், அவர் இறந்த மறு ஆண்டு, 1663இல் அச்சானது. நம் கைப்பிடியில் நடப்பது அதேதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பிரேக் பிடியை நீங்கள் பத்துக் கிலோ விசையுடன் இழுக்கிறீர்கள். பிடி ஒரு நெம்புகோல். அது ஆறு மடங்கு பெருக்கித் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். நம் பட்டறைகளில் 'மாஸ்டர் பம்ப்' என்கிறோமே, அதற்குள் இருக்கும் பிஸ்டனை அறுபது கிலோ தள்ளுகிறது. அந்தப் பிஸ்டனின் குறுக்களவு 12 மில்லிமீட்டர் என்றால், எண்ணெயின் அழுத்தம் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 53 கிலோ. உங்கள் டயரில் உள்ள காற்றழுத்தம் சுமார் இரண்டு கிலோதான் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். இந்த 53 கிலோ கீழே 30 மில்லிமீட்டர் பிஸ்டனில் மோதும்போது 375 கிலோ விசையாகிறது. நான்கு விரலால் இழுத்ததில் ஒரு காளை மாட்டின் எடை!

திரவம் சுருங்காது என்பதால்தான் இந்த வித்தை நடக்கிறது. காற்று சுருங்கும். எண்ணெய் கசியும் இடத்தில், பிடியை விடும்போது காற்று உள்ளே நுழைய வழி உண்டு. மட்டம் மிகவும் தாழ்ந்துபோனால் தொட்டியிலிருந்தே காற்று பம்புக்குள் போய்விடும். அப்படி அரை மில்லிலிட்டர் காற்றுக் குமிழ் ஒன்று உள்ளே இருப்பதாகக் கொள்ளுங்கள். ஐம்பது மடங்கு அழுத்தத்தில் அது கடுகளவாகச் சுருங்கிவிடும். அதைச் சுருக்குவதற்கே மேலுள்ள பிஸ்டன் நான்கு மில்லிமீட்டருக்கு மேல் நகர வேண்டும். நெம்புகோல் கணக்கில், உங்கள் பிடி இரண்டரை சென்டிமீட்டர் வீணாக உள்ளே வரும். பிடி கைப்பிடியைத் தொட்டுவிடும்; சக்கரமோ சுற்றிக்கொண்டிருக்கும்.

அதுவும் முன் பிரேக். பிரேக் பிடிக்கும்போது எடை முன்பக்கம் சாய்கிறது. பின் சக்கரம் இலேசாகி எளிதில் வழுக்குகிறது. வண்டியை நிறுத்தும் வேலையில் பத்தில் ஏழு பங்கு முன் சக்கரத்தினுடையது என்பது பொதுவான கணக்கு. முன் பிரேக் பிடித்தால் குப்புற விழுவாய் என்று பையன்களைப் பயமுறுத்தி, பின் பிரேக்கை மட்டும் மிதிக்கப் பழக்கும் பெரியவர்கள் நம்மில் இன்னும் இருக்கிறார்கள். மலேசியச் சாலைகளில் உயிரிழப்போரில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். அந்தப் பழக்கத்தை இனியாவது விட்டுவிடுவோம்.

ஈரத்தின் உச்சியைத் தேடுங்கள்

தேடத் தொடங்குமுன், அந்த ஈரம் பிரேக் எண்ணெய்தானா என்று பாருங்கள். பல வண்டிகளில் காலிப்பருக்கு நேர் மேலே முன் போர்க் குழாய் இருக்கிறது. அதன் சீல் பழுதானால், போர்க் எண்ணெய் வழிந்து காலிப்பரின் மேலேயே விழும். பார்த்தவர் எல்லோரும் பிரேக் கசிவு என்பார்கள். ஒரு கண்ணாடிக் குவளையில் தண்ணீர் எடுத்து, அந்த ஈரத்தில் ஒரு சொட்டை அதில் விடுங்கள். போர்க் எண்ணெய் மேலே படலமாக மிதக்கும். பிரேக் எண்ணெய் கரைந்து மறைந்துவிடும். ஏனென்றால், நாம் எண்ணெய் என்று சொன்னாலும் வேதியியல்படி டாட் 3, டாட் 4 எல்லாம் எண்ணெயே அல்ல. தண்ணீரோடு நன்கு கலக்கும் கிளைக்கால் குடும்பத்துத் திரவங்கள். இந்த ஒரு குணம் பின்னால் இன்னும் இரண்டு இடங்களில் நமக்கு வேண்டியிருக்கும்.

பிரேக் எண்ணெய்தான் என்று தெரிந்துவிட்டதா? இப்போது கழுவுங்கள். சவர்க்கார நீரால் கைப்பிடியிலிருந்து சக்கரம்வரை கழுவித் துடைத்து நன்றாகக் காயவிடுங்கள். அழுக்கு வண்டியில் கசிவு தேடுவது மழையில் வியர்வையைத் தேடுவது போலத்தான். பிறகு வெள்ளை டிஷ்யூ தாளைக் கிழித்து, மாஸ்டர் பம்பில் பிடி தொடும் இடம், ஹோஸின் மேல் மூட்டு, கீழ் மூட்டு, காலிப்பரின் காற்றுத் திருகு என ஒவ்வோர் இடத்திலும் சுற்றிக் கட்டுங்கள். பிடியை இறுக்கி இழுத்து ரப்பர் வளையத்தாலோ துணியாலோ கட்டிவிட்டுத் தூங்கப் போங்கள். காலையில் தாள்கள் பதில் சொல்லும்.

இரண்டு மூன்று தாள்கள் நனைந்திருந்தால் எது எல்லாவற்றுக்கும் மேலே இருக்கிறதோ அதுதான் குற்றவாளி. திரவம் கீழ்நோக்கி ஓடும். ஹோஸைப் பிடித்துக்கொண்டு ஓசைப்படாமல் ஓடும். கப்சாய்களில் கைப்பிடியைச் சுற்றிப் பிளாஸ்டிக் மூடி இருக்கிறதல்லவா, அதைக் கழற்றாமல் தேடினால் மேல் பாதி கண்ணுக்கே தெரியாது. அக்காள் மகன் வண்டியில் நடந்தது இதுதான். மூடியைக் கழற்றிப் பார்த்தால் மாஸ்டர் பம்பின் அடியில் கறுப்புப் பெயிண்ட் கொப்பளித்து உரிந்து கிடந்தது. பிரேக் எண்ணெய் பெயிண்டைத் தின்னும் என்றேனே, அது அங்கே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயிருந்தது. அங்கிருந்து ஹோஸ் வழியாக இறங்கி, காலிப்பரில் வந்து சொட்டியிருக்கிறது. பாவம், காலிப்பர் மீது பழி.

மாஸ்டர் பம்புக்குள் என்ன இருக்கிறது என்று கொஞ்சம் நின்று பார்ப்போம். கைவிரல் தடிமனில் ஒரு பிஸ்டன். அதில் முன்னும் பின்னுமாக இரண்டு ரப்பர் சீல்கள். முன் சீல்தான் அந்த 53 கிலோ அழுத்தத்தை உண்டாக்குவது. பின் சீல், தொட்டியிலிருந்து வந்து நிற்கும் எண்ணெய் பிடியின் பக்கம் வழிந்துவிடாமல் காப்பது. அதன்மேல் படுவது தொட்டியின் சிறு எடை மட்டுமே. எனவே பின் சீல் கெட்டால், நீங்கள் பிரேக் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும், வண்டி நின்றுகொண்டிருக்கும் இரவிலும் கசியும். பிடியின் அருகிலுள்ள சிறு ரப்பர் தொப்பியை நகத்தால் தூக்கிப் பாருங்கள். உள்ளே ஈரம் இருந்தால் விசாரணை முடிந்தது.

முன் சீல் கெட்டால் கதை வேறு. அழுத்தப்பட்ட எண்ணெய் சீலைத் தாண்டிப் பின்பக்கமாகத் தொட்டிக்கே திரும்பிவிடும். வெளியே ஒரு சொட்டு ஈரம் இருக்காது, மட்டமும் குறையாது. ஆனால் சிக்னலில் பிடியை இழுத்தபடி நிற்கும்போது அது மெல்ல மெல்ல உள்ளே இறங்கிக்கொண்டே போகும். கசிவிலேயே மோசமான கசிவு இதுதான் என்பேன். டிஷ்யூ தாளால் இதைப் பிடிக்க முடியாது. விரல்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இன்னொன்றையும் இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். கேமரன் மலையிலிருந்து தாப்பாவுக்கு இறங்கும்போது பிடி பஞ்சுபோல் ஆகி, கீழே வந்து அரை மணி நேரம் நிறுத்தியதும் பழையபடி இறுகிவிட்டால், அது கசிவு இல்லை. கிளைக்கால் தண்ணீரோடு கலக்கும் என்றோமே. அது காற்றிலுள்ள ஈரத்தையும் உறிஞ்சும். நம் ஊரில் ஈரப்பதம் ஆண்டு முழுவதும் 80 விழுக்காட்டை ஒட்டி நிற்கிறது. புது டாட் 4 திரவம் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ்வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. அதில் 3.7 விழுக்காடு தண்ணீர் சேர்ந்த நிலையில் அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. மலைச்சரிவில் காலிப்பர் சூடேற, எண்ணெய் கொதித்து ஆவிக்குமிழ் உண்டாகிறது. அதற்கு மருந்து சீல் இல்லை, புது எண்ணெய்.

சீல் போட்டால் போதுமா?

அதே தண்ணீர்தான் பெரும்பாலும் சீலையும் கெடுக்கிறது. பம்பின் உட்சுவர் அலுமினியம். எண்ணெயை ஆண்டுக்கணக்கில் மாற்றாமல் விட்டால், கலந்த ஈரம் அந்தச் சுவரை அரித்து அம்மைத் தழும்புபோல் குழிகளைப் போடும். ஒவ்வொரு முறை பிடியை இழுக்கும்போதும் சீலின் மெல்லிய உதடு அந்தக் குழிகளில் உரசும். ஆகவே பம்பைப் பிரித்ததும் டார்ச் விளக்கடித்து உள்ளே பாருங்கள். சுவர் வழவழவென்று இருந்தால் பிஸ்டன், சீல், ஸ்பிரிங் மூன்றும் சேர்ந்த செட்டை வாங்கி மாற்றினால் போதும். நகம் தட்டுப்படும் அளவுக்குக் குழி இருந்தால் முழுப் பம்பையும் மாற்றுங்கள். உப்புத்தாளால் தேய்த்துச் சமாளிக்கலாம் என்பவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள்; தேய்த்தால் துளை பெரிதாகும், சீல் இன்னும் தளரும். மருமகன் வண்டியில் குழி இருந்தது. பம்பையே மாற்றினோம்.

ஹோஸைப் பற்றி நிறையச் சொல்ல ஒன்றுமில்லை. வளைத்துப் பார்த்து வெடிப்பு தெரிந்தால் மாற்ற வேண்டியதுதான். அதன் இரு முனை மூட்டுகளிலும் திருகாணிக்கு இரண்டு வீதம் செம்பு அல்லது அலுமினிய வாஷர்கள் இருக்கும். இறுக்கும்போது நசுங்கி அடைப்பதுதான் அவற்றின் வேலை. ஒரு முறை நசுங்கியது நசுங்கியதுதான்; மூட்டைக் கழற்றினால் புது வாஷர் போடுங்கள். பழையதையே போட்டு, கசிகிறதே என்று ஓங்கி முறுக்கிப் பம்பின் மரையைக் கழற்றிவிட்டவர்கள் உண்டு.

காலிப்பர் சீல் எனக்குப் பிடித்தமான பொருள். சதுரமான குறுக்குவெட்டுள்ள ஒரு ரப்பர் வளையம், அவ்வளவே. பிரேக் பிடிக்கும்போது பிஸ்டன் முன்னே நகர, அதைக் கவ்வியிருக்கும் வளையம் நழுவாமல் சற்றே முறுகுகிறது. பிடியை விட்டதும் முறுகிய ரப்பர் தன் பழைய வடிவுக்குத் திரும்பும். திரும்பும்போது பிஸ்டனையும் மில்லிமீட்டரில் மிகச் சிறு பங்கு பின்னுக்கு இழுத்துக்கொள்ளும். பேட் டிஸ்க்கை விட்டு விலகுவது இதனால்தான். காலிப்பருக்குள் ஸ்பிரிங் எதுவும் பிஸ்டனைப் பின்னே இழுப்பதில்லை. ஆகவே இந்த வளையம் மூப்படைந்து இறுகிப்போனால் கசிவதற்கு முன்பே ஓர் அறிகுறி காட்டும்: முன் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றினால் உரசி உரசி நிற்கும். பிஸ்டனின் மேற்பூச்சில் துருப்புள்ளி இருந்தால் புதுச் சீலையும் அது கிழித்துவிடும். பிஸ்டனை வெளியே எடுக்கப் பிடியை மெல்ல அழுத்தியே தள்ளுங்கள். கம்பிரசர் காற்றைப் பீய்ச்சி எடுத்தால் துப்பாக்கிக் குண்டுபோல் பாயும். விரல் குறுக்கே இருந்தால் நசுங்கும்.

எங்கே பிரித்தாலும் ஒரு விதி. இந்த ரப்பர்கள் கிளைக்காலுக்கென்று செய்யப்பட்டவை. பெட்ரோல், மண்ணெண்ணெய், என்ஜின் எண்ணெய், சாதாரண கிரீஸ் எது பட்டாலும் ஊறி உப்பிவிடும். சீலைக் கழுவவும் பூசவும் புதுப் பிரேக் எண்ணெயே போதும். தொட்டி மூடியில் எழுதியிருக்கும் வகையை மட்டும் ஊற்றுங்கள். டாட் 5 என்பது சிலிக்கோன். எண் பெரிதாக இருக்கிறதே என்று அதை டாட் 4இன் மேல் ஊற்றிவிடாதீர்கள்.

பேடில் எண்ணெய் இறங்கியிருந்தால் அதைத் தூக்கிப் போடுங்கள். உப்புத்தாளால் தேய்த்தாலும், அடுப்பில் சுட்டாலும், உள்ளே ஊறியது முழுவதும் வராது. டிஸ்க் உலோகம், பிரேக் கிளீனர் போட்டுத் துடைத்தால் சுத்தமாகிவிடும்.

கடைசி வேலை காற்றை வெளியேற்றுவது. காலிப்பர் திருகில் தெளிவான பிளாஸ்டிக் குழாயை மாட்டி, மறுமுனையைக் கொஞ்சம் எண்ணெய் உள்ள பாட்டிலில் அமிழ்த்துங்கள். பிடியை இழுத்துப் பிடித்தபடி திருகைக் கால் சுற்றுத் திறந்து, மூடிய பிறகே பிடியை விட வேண்டும். இந்த வரிசை மாறினால் வெளியே போன காற்று திரும்பி வரும். தொட்டி காலியாகாமல் ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டும். பழைய பம்பை அப்படியே வைத்திருப்பவர்கள் பிடியைக் கைப்பிடி தொடும்வரை இழுக்காதீர்கள். சீல் வழக்கமாகப் போகாத, துருவேறிய பகுதிக்குப் போய்க் கிழியும். இவ்வளவும் செய்தும் பிடி இறுகவில்லை என்றால், காற்று மேல் மூட்டில் சிக்கியிருக்கும், ஏனெனில் அதுதான் ஆக உயரமான இடம். மாஸ்டர் பம்ப் எல்லாவற்றுக்கும் மேலே வரும்படி கைப்பிடியைத் திருப்பிவைத்து, தொட்டி மூடியைத் திறந்து, பிடியின் நுனியைச் சில மில்லிமீட்டர் மட்டும் தட்டித் தட்டி விடுங்கள். தொட்டியின் அடியிலுள்ள ஊசித்துளை வழியே குமிழ்கள் பொரிபோல் மேலே வரும். சிந்தியதை உடனே நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுங்கள். தண்ணீரில் கரையும் குணம் இங்கே நமக்கு உதவி.

பம்பையோ காலிப்பரையோ இதுவரை பிரித்துப் பார்த்ததே இல்லையென்றால் முதல் பாடத்தை நீங்கள் தினமும் ஓட்டும் வண்டியில் படிக்க வேண்டாம். கழுவி, தாள் கட்டி, எந்த இடம் என்று கண்டுபிடிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அந்த நனைந்த தாளோடு பட்டறைக்குப் போங்கள். "பிரேக் கசியுது" என்று சொல்வதற்கும் "மாஸ்டர் பம்பின் பின்சீல் கசியுது, உள்ளே குழி இருக்கிறதா என்று எனக்குக் காட்டுங்கள்" என்று சொல்வதற்கும் பில்லில் வித்தியாசம் தெரியும். அதுவரை வண்டியை ஓட்டாதீர்கள், ஒரு நாள் பஸ்ஸில் போனாலும் சரி.

மருமகன் வண்டிக்குப் புதுப் பம்ப் போட்ட அன்று இரவு, மறுபடியும் எல்லா இடத்திலும் தாள் சுற்றி, பிடியைக் கட்டிவைத்தோம். காலையில் ஐந்து தாளும் காய்ந்திருந்தன. தொட்டிக் கண்ணாடியில் அன்றைய மட்டத்துக்கு நேராக மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டுக் கொடுத்தேன். சாலைக்கு எடுக்குமுன், வீட்டு வாசலில் நடை வேகத்தில் நான்கு முறை பிரேக் பிடித்துப் பார்த்தான். இருக்கைக்கு அடியில் கிடந்த பாட்டிலை நான் எடுத்துக்கொண்டேன். திறந்து எத்தனை மாதமானதோ, அதுவும் நம் ஊர் ஈரத்தைக் குடித்துத்தான் இருக்கும்.